குடக்கூலி இங்கிலீஷ்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுதசாமி கோயிலுக்கும் தக்காளிச் சந்தைக்கும் பெயர் போன ஊர். இப்போது அந்தச் சாலை நெடுகக் காலேஜுகளும் தொழிற்சாலைகளும் ஏற்பட்டுவிட்டபடியால், வெளியூர்க் குடும்பங்கள் குடக்கூலிக்கு வீடு தேடி வருகின்றன. வீட்டுக்காரர் பேசுவது கொங்குத் தமிழ். வருகிறவர் பேசுவது மதுரைத் தமிழோ, தஞ்சாவூர்த் தமிழோ. பேரம் முழுவதும் தமிழிலேதான் நடக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போடும் பத்திரம் மட்டும் எப்படியோ இங்கிலீஷில் வந்து நிற்கிறது. எழுதிக் கொடுப்பவரிடம் பழைய நகல் ஒன்று இருக்கும். பெயரையும் தொகையையும் மாற்றினால் வேலை தீர்ந்தது. இரு தரப்பாரும் படித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே, ஜாகை மாற்றும்போது வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகளை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். "அட்வான்ஸ், லீஸ், நோட்டீஸ்! இவை எங்களுக்குத் தெரியாதா? கீரை விற்கும் பாட்டிக்குக்கூடத் தெரியுமே!" என்று நேயர்கள் கேட்கலாம். தெரியும் என்பதுதான் தொல்லை. நாம் வாயால் சொல்லும்போது இருக்கும் அர்த்தம் வேறு. அதே வார்த்தைக்குக் காகிதத்தில் இருக்கும் அர்த்தம் வேறு. இரண்டுக்கும் நடுவே பணம் விழுந்துவிடுகிறது.

முதலில் ‘அட்வான்ஸ்’. இங்கிலீஷில் வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது என்றால், அடுத்த மாதத்து வாடகையை முன்னதாகவே கொடுப்பது. அது திரும்பி வராது. குடியிருந்தே தீர்ந்து போகும். நாம் கொடுக்கும் அட்வான்ஸோ வீட்டுக்காரரிடம் ஈடாக இருந்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப வரவேண்டிய பணம். அதற்குச் சரியான வார்த்தை ‘செக்யூரிடி டெபாஸிட்’. பத்திரத்தில் ‘அட்வான்ஸ் ரெண்ட்’ என்று எழுதியிருந்தால், "அது வாடகைதானே, ஏன் திருப்பித் தரவேண்டும்?" என்று வீட்டுக்காரர் கேட்க இடமுண்டு. குடியிருப்பவர்களும் இளைத்தவர்கள் அல்ல. கடைசி மூன்று மாதம் வாடகை கொடாமலிருந்துவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் பிறகு உடைந்த கதவும் மின்சார பாக்கியுந்தான் மிச்சம்.

இந்தத் தொகை எவ்வளவு இருக்கலாம்? 1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றது. ஊர் வழக்கமோ ஐந்து மாதம், பத்து மாதம் என்று தன் வழியே போய்க்கொண்டிருந்தது. பிறகு தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் ஏற்பட்டு, 2019-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி டெபாஸிட் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் மூன்று மாத வரம்புக்கு முன்னால் ஒரு சிறு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’. அதாவது, பத்து மாதம் என்று எழுதிய பத்திரத்தில் நாமே கையெழுத்திட்டால், சட்டம் தந்த வரம்பை நாமே தள்ளிவிட்டவர்களாகிறோம். ஆகையால் அந்த எண் எழுதியிருக்கும் வரியை மட்டுமாவது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட வேண்டும்.

சீமையில் இதற்கு வேறு ஏற்பாடு. இங்கிலாந்தில் 2007-ஆம் வருஷம் முதல், பெரும்பாலான வீடுகளுக்கு வாங்கும் டெபாஸிட்டை அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது. 2019 ஜூன் முதல், சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாஸிட் வாங்கவும் கூடாது. லண்டனில் வீடு தேடும் நம் பிள்ளைகள் அங்கே போய், "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று கேட்டால், வீட்டுக்காரர் விழிப்பார். ‘டெபாஸிட்’ என்றால்தான் புரியும்.

அடுத்தது ‘லீஸ்’. இது இன்னும் பெரிய வில்லங்கம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாதா மாதம் வாடகை கொடுத்துக் குடியிருப்பதும் லீஸ்தான். நம் ஊரில் ‘லீஸுக்கு வீடு’ என்று பலகை தொங்கினால் அர்த்தம் வேறு. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருஷம் இருந்து, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவது. நம் பெரியவர்கள் இதைப் போக்கியம் என்றார்கள், ஒத்தி என்றார்கள். இரண்டும் அழகான, தெளிவான வார்த்தைகள். அவற்றை விட்டுவிட்டு லீஸ் என்ற வார்த்தையை ஏன் பிடித்துக்கொண்டோம் என்பது நமக்கு விளங்கவில்லை.

வார்த்தை எதுவானால் என்ன என்று சொல்வதற்கில்லை. அந்தச் சட்டத்தில் போக்கியம் என்பது அடமானத்தில் ஒரு வகை. போக்கியதாரர் தம் பணம் வந்து சேரும் வரையில் வீட்டைத் தம் வசமே வைத்திருக்கலாம். லீஸில் இருப்பவரோ கெடு முடிந்தால் வீட்டை விடவேண்டியவர். அதோடு, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கியத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவே செய்யவேண்டும். சாதாரண முத்திரைத் தாளில் ‘லீஸ் அக்ரிமெண்ட்’ என்று தலைப்பிட்டு, பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த லட்சங்களைக் கொடுத்துவிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த இடத்தில் இன்னொரு வார்த்தையும் வேண்டும்: ‘என்கம்பரன்ஸ்’. தமிழில் வில்லங்கம். ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தால், பதிவான அடமானம் அந்த வீட்டின் மேல் இருக்கிறதா என்பது தெரியும். ‘ஈ.ஸி.’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

‘நோட்டீஸ்’ என்றால் கடைவீதியில் கையில் திணிக்கும் காகிதம் ஞாபகத்துக்கு வரும். அல்லது வக்கீல் நோட்டீஸ் ஞாபகத்துக்கு வரும். அதனாலேயே வீட்டுக்காரர், "நாலு வருஷம் அண்ணன் தம்பியாட்டம் இருந்துட்டு எனக்கு நோட்டீஸ் குடுக்கறீங்களே!" என்று மனம் வருந்துகிறார். இங்கிலீஷில் இதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. இன்ன தேதியில் போகிறோம் என்று முன்கூட்டித் தெரிவிப்பதே நோட்டீஸ். மாத வாடகைக்கு, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ இல்லாவிட்டால், 15 நாள் நோட்டீஸ் போதும் என்று 1882-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நம் பத்திரங்களில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று காண்பது நாமாக ஒப்புக்கொள்வது. இங்கிலீஷ் மாதக் கணக்குக்கும் நம் பஞ்சாங்கத்துக்கும் இதில் ஒரு பிணக்கு உண்டு. ஜூலை முதல் தேதி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால், கெடு முடிவது ஆடி நடுவில். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? ஆனி பிறக்கும்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

பதினொரு மாதப் பத்திரத்தின் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறோம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். அந்தச் செலவுக்குத் தப்பவே பதினொரு மாதம். 2017-ஆம் வருஷத்துச் சட்டமோ மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் தெரிவித்து அதற்கு ஒரு நம்பரும் வாங்கவேண்டும். அந்த ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தோட்டம் வாங்கும் கிரயப் பத்திரத்தை நம்மவர்கள் தமிழில்தானே எழுதுகிறார்கள்? வீட்டுக்கு மட்டும் இங்கிலீஷ் எதற்கு?

இனிச் சில சில்லறை வார்த்தைகள். ‘லேண்ட்லார்ட்’ என்றால் பள்ளிக்கூடத்தில் நிலப்பிரபு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒற்றை அறையை வாடகைக்கு விடுபவரும் லேண்ட்லார்ட்தான். ‘ஹவுஸ் ஓனர்’ என்பது நம் ஊர்ப் பிரயோகம். நாம் ‘ஹால்’ என்று சொல்லும் கூடம் இங்கிலாந்தில் ‘லிவிங் ரூம்’. அங்கே ஹால் என்றால் வாசற்கதவுக்குப் பின்னாலுள்ள நடை. வீட்டுக்கு ‘ரெண்ட்’, கல்யாணப் பந்தலுக்கும் நாற்காலிக்கும் ‘ஹயர்’. இந்த வித்தியாசம் தமிழிலும் இருந்தது. வீட்டுக்குக் குடக்கூலி, வண்டிக்கு வாடகை. இப்போது எல்லாம் வாடகையாகிவிட்டது. வீடு ‘ஷிஃப்ட்’ செய்வதாக நாம் சொல்வதை வெள்ளைக்காரர் ‘மூவ்’ என்பார். குடி வருவது ‘மூவ் இன்’, காலி செய்வது ‘மூவ் அவுட்’.

கொங்கு நாட்டுக்குச் சொந்தமாகிவிட்ட ஒரு வார்த்தையும் உண்டு: ‘லைன் வீடு’. ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், பொதுக் குழாய். மில் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனையோ இந்த லைன் வீடுகளில் தலையெடுத்திருக்கின்றன. இதே ‘லைன்’தான் கடல் கடந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் வாயில் ‘லயம்’ ஆயிற்று. சங்கீதத்து லயத்துக்கும் அந்தப் பத்தடி அறைக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக, காலி செய்யும் நாளுக்கு வேண்டியது ‘வேர் அண்ட் டேர்’. நியாயமான புழக்கத்தினால் ஏற்படும் தேய்மானம் என்று பொருள். இதற்குக் குடியிருப்பவர் பொறுப்பாளியல்ல என்று 1882-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு மங்குவது தேய்மானம். குழந்தை பந்தெறிந்து கண்ணாடி உடைவது தேய்மானமல்ல. புதிய சட்டத்தின் அட்டவணையில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. வர்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ‘பெயிண்டிங் சார்ஜஸ்’ என்ற இரண்டு வார்த்தை பத்திரத்தில் இருக்கிறதா என்று குடி வருமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, சாவி எத்தனை என்று ஒரு ஜாபிதாவும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு ‘இன்வென்டரி’ என்று பெயர்.

பால் காய்ச்சும் நாளிலேயே மின்சார மீட்டரில் உள்ள எண்ணையும் அந்த ஜாபிதாவில் குறித்துக்கொள்ளலாம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற ஏற்பாடு 2016 முதல் இருந்து வருகிறது. நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீட்டில் அந்த நூறு யூனிட் யார் கணக்கில் சேருகிறது என்பதையும், முதல் மாத வாடகையை எண்ணிக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம்.