கேட்க நீ யாருடா?

கிரவுண்டில் ஒரு பெண் கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டால் போதும், 'இது பொண்ணுதானா?' என்கிறான். பையன் நடையில் நெளிவு தெரிந்தால் 'ஒம்போது' என்கிறான். பி.டி. வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கிறார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை விளையாட வருவதில்லை.

'நீ என்ன ஆளு?' என்று நம்மைக் கேட்கிற அதே வாய்தான் இதையும் கேட்கிறது.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி நம் வீட்டுப் பிள்ளை. செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர், மறுபடி சூளைக்கே கூலிக்குப் போக நேர்ந்தது.

ஒடிசா நெசவாளர் வீட்டுப் பெண் துத்தி சந்த். தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக 2019 மே மாதம் பகிரங்கமாகச் சொன்னார். வீட்டிலேயே எதிர்ப்பு. ஜூலையில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம். அந்தக் காதல் யார் காலை இடறியது?

திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று 2021இல் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்குக் கையேடு போட்டது. கூச்சல் கிளம்பியதும் எடுத்துவிட்டது. படிக்கவே விடமாட்டார்களாம்!

ஆசிரியர்களே, கேலி செய்தவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேலிக்கு ஆளான பிள்ளையிடம் 'நீ ஒதுங்கிப் போயிடு' என்று சொல்லாதீர்கள். ஒதுக்கிவைப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

தோழர்களே, நம்ம தெருப் பசங்க வாயிலும் அந்த 'ஒம்போது' இருக்கிறது. சாந்திக்காகக் கொதித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால், அம்பேத்கர் படத்துக்கு மாலை போட நமக்கு என்ன யோக்கியதை?