கிணற்றில் கரைந்து கிடக்கும் யூரியா

ஓசூர் வட்டாரத்தில் கிணற்று நீரில் நைட்ரேட் மிகுதி என்று தெரிந்ததும், முழுதும் இறைத்துவிட்டுப் புது ஊற்றுக்குக் காத்திருப்போர் உண்டு. பிளீச்சிங் பவுடர் போடுவோரும் உண்டு. இரண்டும் வீண் வேலை. பிளீச்சிங் பவுடர் கிருமிக்குத்தான். காய்ச்சினாலோ, நீர் சுண்டி நைட்ரேட் அளவு கூடவே செய்யும்.

கோளாறு கிணற்றில் இல்லை. சுற்றியுள்ள நிலத்தில் இருக்கிறது. நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் தேவைக்கு மேல் இடும் யூரியா, பாசன நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. கிணற்றோர எருக்குழியும் கழிவறைக் குழியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. பெங்களூர்க் கழிவு தென்பெண்ணை வழியே கெலவரப்பள்ளி அணைக்கு வருவதை அரசுகள்தான் தீர்க்க வேண்டும். யூரியா மூட்டையோ விவசாயியின் கையில் இருக்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரையே அனுமதி. அந்த அளவுள்ள நீரை ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் வீதம் 10 முறை பாய்ச்சினால், சுமார் 21 கிலோ தழைச்சத்து வயலில் சேரும். அது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம். 90 மில்லிகிராம் என்றால் இரண்டு மூட்டை! இதைக் கணக்கில் கொள்ளாமல் மேலுரம் இடுவது, காசு கொடுத்துக் கிணற்றைக் கெடுப்பதாகும்.

ஆகவே, மண்ணோடு நீரையும் பரிசோதித்து, நீரில் உள்ளதைக் கழித்து, மீதியை மட்டும் பல தவணைகளில் இடுவதே முறை. எருக்குழி கிணற்றை விட்டுத் தள்ளியிருக்கட்டும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது; ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.