'ஐ7, 4 ஜிபி கிராபிக்ஸ், எல்லா கேமும் ஓடும்' – கேமிங் பிசி அசெம்பிள் செய்யும்போது காசு எங்கே வீணாகிறது?

சென்னை ரிச்சி தெருவில் கேமிங் பிசி விசாரிக்கப் போகும் கல்லூரி மாணவருக்கும், கூட வரும் அப்பாவுக்கும் முதல் பத்து நிமிடத்துக்குள் இப்படி ஒரு வசனம் காதில் விழும் வாய்ப்பு அதிகம். "ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சார். எல்லா கேமும் ஓடும்." விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவு, கலர் கலராகச் சுற்றும் ஃபேன் என்று பார்க்கவும் அம்சமாக இருக்கும். பையன் அப்பாவைப் பார்ப்பான். அப்பா பர்ஸைப் பார்ப்பார்.

கடைசி வரியைத் தவிர அந்த வசனத்தில் பொய் எதுவும் இல்லை. சிக்கலே அதுதான். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர், அவ்வளவே. 2011-ல் வந்த ஐ7 2600, 2012-ல் வந்த ஐ7 3770 இரண்டும் ஐ7 தான். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3 12100எஃப்-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7-களை இந்த ஐ3 அநாயாசமாகத் தாண்டிவிடும். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வேலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பழைய போர்டில் அந்த டிபிஎம் இருக்காது.

'4 ஜிபி கிராபிக்ஸ்' கதையும் இதேதான். ஜிடி 730 என்ற கார்டு 2014-ல் வந்தது. டிடிஆர்3 நினைவகம் போட்ட 4 ஜிபி மாடலில், அந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 30 ஜிபி அளவுக்குக்கூட தகவல் நகராது. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் அது 272 ஜிபி. தொட்டி பெரிதாக இருந்து என்ன, குழாய் ஸ்ட்ரா அளவுக்குத்தானே இருக்கிறது!

பல வீடுகளில் இந்தப் பணம் சீட்டு எடுத்த காசு, இல்லையென்றால் நகைக்கடன். அடுத்த நாலைந்து வருஷத்துக்குப் படிப்பு, வீடியோ எடிட்டிங், விளையாட்டு எல்லாமே அந்த ஒரு பெட்டியில்தான். அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல், மாடல் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

பெரும்பாலோர் ப்ராசஸரில் ஆரம்பிக்கிறார்கள். மானிட்டரில் ஆரம்பிப்பதுதான் சரி. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனை புள்ளிகளையும் வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. எந்தத் திரை என்று முடிவானால் எந்தக் கார்டு என்பது பாதி முடிவாகிவிடும்.

கேமிங்தான் முக்கியம் என்றால் சிபியு பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது நியாயமே. ப்ராசஸருக்கு ஆறு கோர் போதும். கவுன்டர் ஸ்ட்ரைக், வேலோரன்ட் மாதிரி ஆட்டங்களைக் குறைந்த செட்டிங்கில் 200 ஃப்ரேமுக்கு மேல் ஓட்ட நினைப்பவர்களுக்கு மட்டும் ப்ராசஸரின் பங்கு கூடும்.

கார்டு வாங்கும்போது ஒரு பொறி உண்டு. ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வருகின்றன. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படியே. யூடியூபில் 16 ஜிபி மாடலின் ரிவ்யூவைப் பார்த்துவிட்டு, கடையில் 'அதே கார்டு, விலை கம்மி' என்று 8 ஜிபியோடு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஈ-ஸ்போர்ட்ஸ் ஆட்டம் மட்டும் என்றால் 8 ஜிபி தாராளம். பெரிய கதை விளையாட்டுகளை உயர் செட்டிங்கில் நாலு வருஷம் ஓட்ட வேண்டும் என்றால், கூடுதல் காசைக் கொடுத்து 16 ஜிபி எடுத்துவிடுவது நல்லது.

போர்டும் ப்ராசஸரும்

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். 2017-ல் முதல் ரைசனோடு பி350 போர்டு வாங்கியவர்கள் பலர், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை, பயாஸ் அப்டேட் மட்டும் செய்து அதே போர்டில் மாட்டினார்கள். இப்போது ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5. பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால், ரைசன் 5 5600 மாதிரி ஏஎம்4 ப்ராசஸர் இன்னும் மோசமில்லை.

இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-க்கும் கிடையாது. 5600ஜி-க்கும் 7600-க்கும் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியும். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போய் வாரக்கணக்கில் வராமல் இருக்கும்போது, செமஸ்டர் புராஜெக்ட்டை முடிக்க சிஸ்டமே ஆன் ஆகாது என்பது அப்போதுதான் புரியும்.

ரேம் ஏன் இந்த விலை?

உலகில் டிரேம் சிப் தயாரிப்பின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள் கையில் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்புத் திறன் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியதற்குக் காரணம் அதுதான். க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைச் சந்தையில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சாட்பாட் சொல்லும் பதிலுக்குத் தமிழ்நாட்டு மாணவரும் இப்படி ஒரு வழியில் காசு கட்டுகிறார்.

இந்த நிலைமையில் 32 ஜிபி கட்டாயம் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. 16 ஜிபி போதும், ஆனால் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்க வேண்டும். ஒரே குச்சி என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதிப் பாதைதான் திறந்திருக்கும். வீட்டில் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைக் கழற்றி ஏஎம்4 போர்டில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்எம்பிஎஸ்: யாரும் கேட்காத கேள்வி

கோட் அடித்து வாங்கும்போது 'இதுல கொஞ்சம் குறைச்சுக்கலாம்' என்று முதலில் கைவைக்கும் இடம் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத '500 வாட்' சப்ளையின் ஸ்டிக்கரை நிதானமாகப் படித்தால் உண்மை தெரியும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது 12 வோல்ட் லைனில் இருந்து. அதில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வேண்டும். 216 வாட். மீதி 284 வாட் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிட்டு வரலாம்.

அதற்காக 850 வாட் வாங்கவும் தேவையில்லை. 65 வாட் ப்ராசஸரும், 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060-ம் இருக்கும் ஒரு பெட்டி மொத்தமாகவே 250 வாட் பக்கம்தான் இழுக்கும். நல்ல கம்பெனியின் 550 வாட் போதும். '80 ப்ளஸ் பிரான்ஸ்' முத்திரை, பாதி லோடில் குறைந்தது 85 சதவீத மின்சாரம் உருப்படியாகப் பயன்படுகிறது என்பதற்கான சான்று. ஷார்ட் ஆனால், மின்னழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பதை அது சோதிப்பதில்லை. எனவே முத்திரையோடு ஐந்து வருட வாரன்டியும் இருக்கிறதா என்று கேட்பது பாதுகாப்பு.

கரன்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் யுபிஎஸ் ஆடம்பரமல்ல. ஆனால் பல 600 விஏ யுபிஎஸ்-கள் தருவது 360 வாட் அளவுதான். விஏ வேறு, வாட் வேறு. விளையாடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரையும் சேர்த்தால் அது எல்லைக்கு வந்துவிடும்.

'கேபினட்டைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது' என்ற புகாரும் அடிக்கடி வருவது. எஸ்எம்பிஎஸ்-ன் ஃபில்டரில் இருக்கும் கப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உடலுக்குக் கசியும். அது போய்ச் சேர எர்த் வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது தொடுகிறவர் வழியாகப் போகிறது. மாற்ற வேண்டியது பிசியை அல்ல, வீட்டு வயரிங்கை. எலக்ட்ரீஷியனுக்கு ஆகும் செலவையும் பட்ஜெட்டில் எழுதிவிடலாம்.

கேபினட்டைப் பொறுத்தவரை ஒரே விதி: முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ அறையே 38 டிகிரி இருக்கும்போது, மூடிய கண்ணாடிக்குப் பின்னால் சுற்றும் கலர் ஃபேன் சூடான காற்றைத்தான் திரும்பத் திரும்பக் கலக்கும். கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

பில் வேண்டுமா?

'பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தர்றேன்' என்ற பேச்சு வரும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருட வாரன்டி உள்ள கார்டு 14-வது மாதம் செத்தால், கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பெட்டி இல்லாமல் வரும் 'ட்ரே' ப்ராசஸருக்கு வாரன்டி விற்றவரிடம்தான், தயாரிப்பாளரிடம் நேரடியாகப் போக முடியாது. அதை எத்தனை வருடம் தருவார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்த பிறகும் இரண்டு வேலைகள் மிச்சம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யாவிட்டால், வேகமான ரேம் என்று காசு கொடுத்தது மெதுவாகவே ஓடும். மானிட்டர் கேபிளை போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய்ப் பார்க்க வேண்டும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி ஒரு வருஷமாக 60-லேயே விளையாடிக்கொண்டிருப்பவர்கள் கணிசமாக உண்டு.