வீட்டில் யார் சொல்லித் தருவது?

போன மாதம் அக்கா மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆறாம் வகுப்பு படிக்கிறான். அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். வகுப்பாசிரியர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல்தான் பேசினார். "பையன் மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல்ல இருக்கான். தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வீட்ல நீங்க கொஞ்சம் கவனிக்கணும்மா." அக்கா தலையாட்டினாள்.

'கவனிக்கணும்' என்ற சொல்லை அவள் கேட்பது முதல்முறை அல்ல. அதை முதலில் அவளிடம் சொன்னவன் நான்தான்.

2020 மார்ச்சில் பல்கலைக்கழக விடுதியை மூடியபோது நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு பை நிறைய புத்தகங்களோடு விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எங்கள் காலனிக்குத் திரும்பினேன். அக்காவின் வீடு அடுத்த சுவர். மாமாவுக்குச் சென்ட்ரிங் வேலை. அக்கா கரும்பு வெட்டப் போவாள், இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. மகனை அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எல்கேஜி, யுகேஜியை ஊருக்குள் வேன் வருகிற ஒரு தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்க வைத்திருந்தாள்.

பள்ளி வாட்ஸப்புக்கு மாறியது. காலையில் நான்கு வீடியோ, மாலைக்குள் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் மாமாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி வரும்போது பையன் தூங்கியிருப்பான். என் போனில் பார்க்கலாம் என்றால் காலனியில் சிக்னல் இல்லை. ஊர் எல்லையில் மேல்நிலைத் தொட்டியருகே போனால் இரண்டு கோடு வரும். எங்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார ஆரம்பித்த மூன்றாம் நாள், 'கும்பல் சேராதீங்க, கொரோனா வரும்' என்று ஊர்க்காரர்கள் விரட்டினார்கள். அதே தொட்டியடியில் மாலையில் ஊர்ப் பையன்கள் சீட்டாடினார்கள், அங்கே கொரோனா வரவில்லை போலும். சமூக இடைவெளி என்ற சொல்லை அரசு புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை எங்கள் பக்கம் இருக்கவில்லை.

ஊருக்குள் ஒருவர் தன் வீட்டில் டியூஷன் எடுத்தார். காலனிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் கூடத்தில் இடமில்லை, திண்ணைதான். அக்கா ஒரு வாரம் அனுப்பிவிட்டு நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வெயிலு" என்றாள்.

இரண்டாம் தவணைக் கட்டணம் கட்டாததால் வாட்ஸப் குழுவிலிருந்து அவள் எண்ணை நீக்கினார்கள். அதற்கு முன்பு ஒரு குரல்பதிவு வந்தது: அக்கறையுள்ள பெற்றோர்கள் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள், சில பெற்றோர் மட்டும் ஒத்துழைப்பதில்லை என்று. அன்றிரவு அவனுடைய நோட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று மாதத்தில் நான்கு பக்கம். படிக்கிறவன் என்ற திமிரில், "நீ அவனக் கவனிக்கிறதே இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "எனுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சா நான் எதுக்குடா கடன் வாங்கி ஸ்கூலுக்கு அனுப்புறேன்?" என்றாள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் நின்றதால்தான் அம்மா வேலைக்குப் போக முடிந்தது. கைக்குழந்தையாக இருந்த என்னை அவள் பார்த்துக்கொண்டாள். இதை அவள் அன்று சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை கல்வியாளர்கள் யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளி என்ற ஒன்றைப் பொதுவில் கட்டியதே, வீட்டில் சொல்லித்தர முடியாதவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். பெருந்தொற்றில் பள்ளியை வீட்டுக்கு மாற்றியபோது, எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். படித்த தாய் தந்தை, தனியறை, மேசை, ஆளுக்கொரு திரை. அப்படிப்பட்ட வீடு எந்தெந்தச் சாதிகளிடம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் மகனை உட்கார வைத்துப் படிக்கச் செய்தார் என்று பெருமையோடு சொல்வோம். ராம்ஜிக்கு அந்தப் படிப்பு பரம்பரையாக வரவில்லை. பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் இருந்ததால் கிடைத்தது, இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். நம் வீடுகளுக்குள் எழுத்து எப்போதும் வெளியிலிருந்து, ஏதோ ஒரு நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது. அந்த வாசல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் முடிய, சுமார் 19 மாதங்கள் பூட்டியிருந்தது.

2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் வறிய குடியிருப்புகளில் சுமார் 1,400 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறங்களில் ஒழுங்காக இணையவழியில் படித்த குழந்தைகள் 8 விழுக்காடு மட்டுமே. 37 விழுக்காட்டினர் எதுவுமே படிக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 4 விழுக்காடு. பிற கிராமக் குழந்தைகளில் 15. ஏழைகளுக்குள்ளேயே இந்த இடைவெளி. வறுமைதான் காரணம், சாதி இல்லை என்று பேசுகிற தோழர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நடுத்தர வர்க்கத் தாய்மார்களின் துயரமும் பொய்யில்லை. ஒரு காதில் அலுவலகக் கூட்டம், மறு காதில் குழந்தையின் வகுப்பு, அடுப்பில் குக்கர் என்று அவர்கள் அல்லாடியதை நானும் அறிவேன். எந்தச் சாதியானாலும் அந்தச் சுமை பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் அந்தத் துயரம் பேசப்பட்டது, மீம் ஆனது, மேடை நகைச்சுவையானது. அவர்களை யாரும் அக்கறையற்ற பெற்றோர் என்று சொல்லவில்லை.

அப்படியானால் அந்த 19 மாதம் பையன் எதுவும் கற்கவில்லையா? கற்றான். தனியே வீட்டில் விட முடியாததால் அக்கா அவனைக் கரும்புத் தோட்டத்துக்கே கூட்டிப்போனாள். எந்தக் கரும்பு முற்றியது, சோகை உரிக்கும்போது கையை எப்படி வைத்தால் கிழிக்காது, கட்டை எப்படி இறுக்குவது எல்லாம் ஏழு வயதுக்குள் அவனுக்குத் தெரியும். வெகு நேர்த்தியாகச் செய்வான். மேஸ்திரி அவன் முதுகில் தட்டி, "இவன் தேறிடுவான்" என்றாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கினார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார். 2020இல் யாரும் அப்படி ஓர் ஆணை போடவில்லை, யாருக்கும் அந்த நோக்கமும் இருந்திருக்காது. நோய் பரவும்போது பள்ளியை மூடியதைக்கூட நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் ராஜாஜியின் திட்டத்திலாவது அரை நாள் பள்ளி இருந்தது. நாங்கள் முழு நாளையும் கொடுத்தோம். அதை எதிர்த்து ஒரு போராட்டமும் நடக்கவில்லை, நானும் நடத்தவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆய்வேட்டின் முதல் இயலை எழுதிக்கொண்டிருந்தேன்.

2021இல் அக்கா அவனை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றினாள். அந்த ஆண்டின் இறுதியில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. எங்கள் தெருவிலேயே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு தங்கை தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் அம்பேத்கர் சிலையருகே பிள்ளைகளை உட்கார வைத்தாள். அக்கா மகனுக்கு எழுத்துகளை அறிமுகம் செய்தவள் அவள்தான். அரசு அவளுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். கை விரல்கள் பென்சிலுக்குப் பழகவே அந்த ஆண்டு போயிற்று. திட்டங்கள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் எழுத்துக்கூட்டவும் தெரிந்திருக்காது. ஆனால் 19 மாத இழப்பை மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்து அடைத்துவிட்டதாகக் கணக்கு முடித்ததை ஏற்க முடியவில்லை.

இன்று அந்த இழப்புக்கு 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பெயர். அவனைப் போன்றோர் இன்னும் சில ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக்கு வருவார்கள். தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று அஞ்சும் பள்ளிகள் ஒன்பதிலேயே ஐடிஐக்கோ வேலைக்கோ போகச் சொல்லும். அப்போது கொரோனா யாருக்கும் நினைவிருக்காது, பையனின் மூளையும் தாயின் அக்கறையும்தான் குற்றவாளிகளாக நிற்கும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு உரிய இடம் தர வேண்டும். காலனியிலிருக்கும் படித்த பிள்ளைகள் நாம் அந்தக் கூட்டங்களுக்கு அம்மாக்களோடு போக வேண்டும். 2020, 2021இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பள்ளி வளாகத்திலேயே, சம்பளம் பெறும் ஆசிரியரைக் கொண்டு, தனியாக வகுப்பு நடத்தச் சொல்லித் தீர்மானம் போட வைக்க வேண்டும். இது சலுகை இல்லை, நிலுவை.

அன்று கூட்டம் முடிந்து எழுந்தபோது, தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா ஆசிரியர் மேசையருகே நின்றுவிட்டாள். "சார், வீட்ல சொல்லிக் குடுக்க ஆளில்ல. சாயங்காலம் ஒரு மணி நேரம் இங்கியே வச்சிப் படிக்க வைக்க முடியுங்களா? இருட்டுனாலும் நானே வந்து கூட்டிம்போறேன்."

தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறோம்.