ரத்தம் கெட்டுப்போச்சாம்!

"மருத்துவத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் எதுக்குப்பா? நோயாளிக்கா புரியப்போகுது?" என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். புரியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஹீமோலைசிஸ். கிரேக்கத்தில் ஹைமா என்றால் ரத்தம், லைசிஸ் என்றால் அவிழ்தல். சிவப்பணு உடைந்து உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டுவதுதான் விஷயம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கெடு முடியுமுன்னே கூட்டம் கூட்டமாக உடைந்தால் அது நோய். கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும்.

வம்பு என்னவென்றால், கையிலிருந்து எடுத்த ரத்தம் குழாய்க்குள் உடைந்தாலும் பெயர் அதேதான்! ஊசி மெலிதாக இருந்தாலோ, சிரிஞ்சிலிருந்து வேகமாகப் பீய்ச்சினாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடையும். உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே வந்து அளவை ஏற்றிக் காட்டும். ஆகவே திரும்ப எடுப்பார்கள். இதில் பெரும்பாலும் குற்றம் உடம்பில் இல்லை, எடுத்த விதத்தில்.

மருத்துவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் என் பெரியம்மாவுக்கு? ஒரு பரிசோதனை நிலையத்தில் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரத்தம் கெட்டுப்போச்சு, நாளைக்கு வாங்க." அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு நகை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்!

நிஜமாகவே அணு சிதைகிறவர்களுக்கு நேர் எதிரான கதை. கண் மஞ்சளைப் பார்த்ததும் 'காமாலை' என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துகிறோம். 'ரத்தசோகை' என்று காதில் விழுந்தால் இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம். உடைவதை நிறுத்தாமல் இரும்பை மட்டும் கொட்டி என்ன பயன்?

தமிழில் முடியாது என்பவர்கள் பள்ளிப் பாடநூலைப் புரட்டட்டும். சிக்கிள் செல் நோய்க்கு அதில் 'கதிர் அரிவாள் இரத்தசோகை' என்று இருக்கிறது. அறுப்புக்குப் போகிறவருக்கு அணுவின் வடிவமே கண்ணில் தெரியும். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவ நூல்களையே தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். நமக்கு என்ன வந்தது? கள்ளக்குறிச்சியிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவரிடம் அங்கே படிப்பவர்கள் எந்த மொழியில் பேசப்போகிறார்கள்?

அதற்காக 'குருதிச் செவ்வணுச் சிதைவாக்கம்' என்று பல்லுடைக்கவும் வேண்டாம் :-) உடம்புக்குள் நடந்தால் 'சிவப்பணுச் சிதைவு'. குழாயில் நடந்தால் 'மாதிரி உடைந்தது'. ஆங்கிலம் பிரிக்காததை நாம் பிரித்துச் சொல்லலாம். பெரியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "எடுத்த ரத்தம் குழாய்ல உடைஞ்சுடுச்சும்மா. உங்க ஒடம்புல கோளாறுன்னு அர்த்தமில்ல. இன்னொரு தடவ எடுத்துக்கறோம்." பத்து விநாடி கூட ஆகாது.