சதைக்குள் போன கிருமியும் கூலிக்காரர் உடம்பும்

"செல்லு, ஸ்டெம் செல்லு, வைரஸ்னு இதெல்லாம் நமக்கு எதுக்குத் தோழர்? அது லேபுக்குள்ள இருக்குறவங்க விவகாரம்." மாணவர் கூட்டம் ஒன்றில் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். சிக்குன்குனியா கிருமி மனிதச் சதைக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பார்த்த ஓர் ஆய்வைப் பற்றி அப்போது பேசிக்கொண்டிருந்தேன். தம்பியின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விஞ்ஞானம் என்ற பேரில் நம் உடம்பைத் தொட்டவர்கள் என்ன செய்தார்கள்? சென்னை மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாகத் தலையையும் மூக்கையும் அளந்து ஏட்டில் எழுதி வைத்தார். அளவுகோலைக் கண்டால் நமக்குக் கொஞ்சம் பயம் வரத்தான் செய்யும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை லேப்காரர்களிடமே விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2006இல் நம்ம ஊர்களுக்குள் அந்தக் காய்ச்சல் வந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'சிக்கன் குனியா' என்று சொல்லிக் கோழிக்கறி தின்னப் பயந்தவர்கள் உண்டு. பேருக்கும் கோழிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1952-53இல், இப்போது தான்சானியா என்கிறோமே, அந்த நாட்டின் தெற்கே மக்கோண்டே மேட்டுநிலத்தில் இந்தக் காய்ச்சல் ஊரையே சாய்த்தபோது அங்கத்திய மக்கள் தங்கள் பாஷையில் வைத்த பேர் அது. உடம்பு மடங்கி வளைந்து போவது என்று அர்த்தம். பட்டவர்களே வைத்த பேர். நம்ம காதுக்கு அதில் 'குனிய' என்று கேட்பது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

எங்க தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் படுத்தார்கள். காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டது. அதற்கப்புறம்தான் சங்கதியே. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற அத்தை ஒருத்தி இரண்டு மாதம் கழித்தும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். "சதையெல்லாம் விட்டுப் போச்சுப்பா. கருக்கரிவாளைப் பிடிச்சா கை நிக்க மாட்டேங்குது" என்றாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, "இது ஆளைக் கொல்லாது, தானா சரியாயிடும், போ" என்று அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் அவளுக்குச் சோம்பேறித்தனம் என்று சொன்னார். சதை விட்டுப் போச்சு என்ற அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள யாரிடமும் ஒரு காகிதம் இல்லை.

அதே 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரியூனியன் தீவிலும் இந்தக் காய்ச்சல் புகுந்தது. ஏழரை லட்சத்துச் சொச்சம் ஜனத்தில் மூன்றில் ஒருவருக்குக் கண்டது. அதுவும் கரும்புத் தோட்டங்களுக்காக உண்டாக்கப்பட்ட மண்தான். 1848இல் அடிமை முறை ஒழிந்த பின்பு புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தீவு பிரான்சுக்குச் சொந்தம். ஆகவே வியாதி பாரிசுக்கும் சொந்தமாகிவிட்டது. ஐம்பது வருஷமாக ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் மடக்கிப்போட்ட ஒரு கிருமி மனித உடம்பில் எந்தச் செல்லைப் பிடிக்கிறது என்பது அதுவரைக்கும் தெரியாமலே இருந்தது. அந்த ஐம்பது வருஷத்தில் படுத்தவர்கள் எல்லாம் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிமோனா ஓஸ்டன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட கட்டுரைதான் நான் சொல்ல வந்தது. அதைப் புரிந்துகொள்ள சதையைப் பற்றி ஒரு சின்ன விவரம் தெரிய வேண்டும். நம்ம சதை நீள நீளமான நார்களால் ஆனது. பளு தூக்குவதும் மண்வெட்டி போடுவதும் இந்த நார்தான். ஆனால் நார் ஒரு தடவை முதிர்ந்துவிட்டால் தானாகப் பெருகாது. அறுந்தால் அதைச் சரி பண்ண வேறு ஆள் வேண்டும். அந்த ஆளை 1961இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளைச் சதையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்டுபிடித்தார். நாரின் பக்கவாட்டில், அதன் உறைக்கும் நாருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு தூங்குகிற சின்னஞ்சிறு செல்கள். சாட்டிலைட் செல் என்று பேர் வைத்தார்கள். இதுதான் சதையின் ஸ்டெம் செல். வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிடக்கிற கன்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாருக்கு அடிபட்டால் விழித்துக்கொள்ளும், பெருகும், நாரோடு போய்ச் சேர்ந்து அதை ஒட்டவைக்கும். தினமும் உடம்பை முறித்து வேலை செய்கிறவர் மறுநாள் எழுந்து நடக்கிறார் என்றால் அதில் இந்தச் செல்லுக்கும் பங்கு இருக்கிறது.

ஓஸ்டன் குழு, சதை வீக்கம் கண்ட இரண்டு சிக்குன்குனியா நோயாளிகளின் சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்தது. கிருமியின் அடையாளம் நாரில் இல்லை. சாட்டிலைட் செல்லுக்குள் மட்டும் இருந்தது. பிறகு மனிதச் சதையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். சாட்டிலைட் செல்லில் கிருமி பெருகியது, செல் சிதைந்தது. அதே செல்கள் ஒன்றாகச் சேர்ந்து இளம் நாராக மாறிய பிறகு கிருமியால் பெரும்பாலும் அதைத் தொட முடியவில்லை. வேலை செய்கிற நாரை விட்டுவிட்டு, அதைச் சரி பண்ண இருக்கிற கன்றைப் பிடிக்கிறது! இந்தத் தொற்றில் 97.7 சதவீதம் பேருக்குச் சதை வலி இருந்ததாகவும் அந்தக் கட்டுரை சொல்கிறது. எங்க அத்தை உளறவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நம்ம பக்கம் ஒரு பழக்கம் உண்டு, சாதகமாக ஒரு வரி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு ஊர்வலம் போய்விடுவோம். அந்த ஆய்வு பார்த்தது இரண்டே இரண்டு பேரின் சதையை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கிற வலி பெரும்பாலும் மூட்டில்தான். அதில் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி கிளப்பும் வீக்கத்துக்கும் பங்குண்டு. சாட்டிலைட் செல் செத்ததால்தான் அத்தையின் கை நிற்கவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் மூடிவிடவில்லை. 2020இல் அமெரிக்காவில் ஒரு குழு சதைச் செல்லுக்குள் மட்டும் பெருக முடியாதபடி கிருமியை மாற்றி எலிகளுக்குச் செலுத்தியது. மூட்டுப் பக்கத்தில் கிருமி வழக்கம்போலவே பெருகியும் நோய் குறைவாகவே இருந்தது. நோயின் கடுமை சதையோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு அது ஒரு பலமான சாட்சி.

சரி, நம்ம அரசாங்கத்துக் கணக்கு என்ன சொல்லிற்று? 2006இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேல் சந்தேகக் கேஸ். சாவு? பூஜ்யம். அகமதாபாத்தில் திலீப் மாவலங்கர் குழு மாநகராட்சியின் சாவுப் பதிவை எடுத்து முந்தைய நாலு வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த வருஷம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை எதிர்பார்த்ததைவிட 2,944 பேர் கூடுதலாகச் செத்திருந்தார்கள். எல்லாம் இந்தக் காய்ச்சலால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியுமா? செத்தவர் கணக்கே இப்படி என்றால், சாகாமல் திண்ணையில் உட்கார்ந்தவரின் கணக்கை யார் எடுப்பார்கள்? ஆளைக் கொல்லாத நோய் என்றால் இவர்களுக்கு அது நோயே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவருக்கு மூன்று மாதச் சதை வலி ஓர் இம்சை. சதையை மட்டுமே விற்கிறவருக்கு அது மூன்று மாதப் பட்டினி, அதற்கு மேல் வட்டிக்கடன்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஆலைத் தொழிலாளிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு, 91 நாள் வரைக்கும், நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். வயலில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த அட்டை கிடையாது. கையைக் கத்தி வெட்டினால் ரத்தம் தெரியும், கேட்கலாம். சதைக்குள் இருக்கிற செல் செத்தால் எதைக் காட்டிக் கேட்பது? இதைத்தான் காட்டிக் கேட்கலாம் என்கிறேன், தோழர்களே. வலி நடிப்பில்லை, சதைக்குள் கிருமி போனதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று.

கிடைப்பது என்னவோ வேறு. காய்ச்சல் வந்தால் கொசு மருந்து அடிக்கிறவர்கள் வருவார்கள், டிரம்மையும் குடத்தையும் கவிழ்ப்பார்கள், தண்ணீரைத் தேக்கி வைத்தது உங்க தப்பு என்பார்கள். இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அது உண்மை. நாலு நாளைக்கு ஒரு தடவை குழாய் வந்தால் டிரம்மில் பிடித்து வைக்காமல் வாயிலா பிடித்து வைப்பது?

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பி வந்து, அந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். காசில்லாமல் படிக்கலாம் என்றதும் அவனுக்கு ஆச்சரியம். இப்போது நாங்கள் ரெண்டு மூணு பேர் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாட்டிலைட் செல்லுக்கு என்ன வார்த்தை போடுவது என்பதில் நின்றுகொண்டிருக்கிறது. ஒருத்தர் 'துணைக்கோள் செல்' என்றார், ராக்கெட் விடுகிற மாதிரி இருக்கிறது. தம்பி 'பக்கக்கன்று' என்கிறான். அத்தையிடம் படித்துக் காட்டிப் பார்க்க வேண்டும்.