மீன் லொறிக்கு எதற்குச் சிரிப்பு வாயு?

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் சாய்ந்தமருதில் உறவினர் வீடொன்றில் இருந்தேன். மீன் லொறி ஓட்டும் மருமகன் ஒருவன் தனது கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். அமெரிக்காவில் எங்கோ ஒரு மைதானம். டீசல் லொறியொன்று பெரும் இரும்புச் சுமையை இழுத்துக்கொண்டு முக்குகிறது. குழாயிலிருந்து கரும்புகை தூணாக எழுகிறது. சாரதி ஏதோ ஒரு விசையை அழுத்துகிறான். புகை சட்டென்று வெளிற, வண்டி பாய்கிறது.

“மாமா, இந்த சிலிண்டர் ஒண்டு கிடைச்சா மஹியங்கனை ஏத்தத்துல ஒருத்தனும் எனக்கு முன்னால போகேலா” என்றான்.

அன்று வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறேன். சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறேன். அவனுக்கு மட்டுமல்ல, அவனை இரவில் அனுப்பிவைக்கும் முதலாளிமாருக்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சிலிண்டரில் இருப்பது நைட்ரஸ் ஒக்சைட்டு. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தது. சிரிப்பு வாயு என்ற பெயரில் பல் வைத்தியர்களும் சத்திரசிகிச்சைக் கூடங்களும் பயன்படுத்துவது. அது எரிபொருள் அல்ல. இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்ஜினின் சூட்டில் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. காற்றின் எடையில் ஒட்சிசன் ஏறத்தாழ 23 சதவீதம். இந்த வாயுவிலோ 36 சதவீதம். ஆகவே அது இன்ஜினுக்குக் கூடுதல் மூச்சுக் கொடுக்கிறது. அவ்வளவுதான். எரிப்பதற்கு மேலதிக டீசல் இருந்தால்தான் அந்த மூச்சினால் பயன்.

மூச்சு யாருக்குத் தேவை? இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் ஜங்கர்ஸ் 86 ஆர் என்ற உளவு விமானத்தில் இதைப் பூட்டினார்கள். அதில் இருந்ததும் டேர்போ டீசல் இன்ஜின்தான். ஆனால் அது பறந்தது 40,000 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்து, இன்ஜின் மூச்சுத் திணறியது. நமது கல்முனை கடல் மட்டத்தில் இருக்கிறது. சோளகக் காற்று சட்டையைப் பிய்க்கும் ஊரில் காற்றைச் சிலிண்டரில் வாங்கப் போகிறோமாம்!

சரி, ஏற்றத்துக்கு உதவுமே என்பான் மருமகன். மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதையில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற ஏற்றம் இருக்கிறது. மீனும் ஐஸும் நிரம்பிய லொறி அதை ஊர்ந்துதான் கடக்கும். லொறி இன்ஜினுக்குப் பயன்படும் அளவில் வாயுவைத் திறந்துவிட்டால், ஒரு ஆள் தூக்கக்கூடிய சிலிண்டர் ஒன்றிரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். மீதி வளைவுகளுக்கு என்ன செய்வது? அதற்கிடையில் சிலிண்டர்களுக்குள் அழுத்தம் எல்லை மீறி, ஹெட் கஸ்கட் போகலாம், பிஸ்டன் உருகலாம். மைதானத்தில் ஓடுகிறவன் போட்டி முடிந்ததும் இன்ஜினைக் கழற்றிப் புதுப்பிப்பான். அது அவன் விளையாட்டு. நம் பையனின் லொறி இன்னும் அடைத்து முடியாத லீசிங் கடனில் ஓடுகிறது.

இன்னொன்று. இந்த வாயு அழுத்தத்தில் திரவமாக நிற்பது 36.4 பாகை செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. நிரம்பிய சிலிண்டரின் அழுத்தம் வேகமாக ஏறும். வெயில் காலத்தில் ஒரு பகல், கண்ணாடி ஏற்றிய லொறியின் முன்பக்கத்துக்குள் கையை வைத்துப் பாருங்கள். அதற்குள் அமர்ந்துதான் அவன் உறங்குகிறான்.

இவையெல்லாம் இன்ஜினைப் பற்றிய கதை. எனக்குப் பெரிதாகப்படுவது பிரேக். இன்ஜின் வலுவைக் கூட்டினால் பிரேக்கின் வலு கூடுவதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டியை 80இல் ஓட்டினால், நிறுத்தும்போது பிரேக் தாங்கவேண்டிய சக்தி ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. பதினெட்டு வளைவை ஏறியவனுக்குக் கண்டி தாண்டிக் கடுகண்ணாவை இறக்கம் காத்திருக்கிறது. அதற்கும் முன்னால் நமது ஊர்கள் இருக்கின்றன. அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, கல்முனை, மருதமுனை என்று பிரதான வீதியும் மக்களும் ஒட்டியே கிடக்கின்றனர். பள்ளிவாசல், பாடசாலை, கோயில், சந்தை எல்லாம் வீதியோரம்தான்.

பையன்களை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. வேகம் அவர்களது ஆசை என்றால், அது அவர்களது முதலாளிமாரின் கட்டளையும்கூட. பின்னேரம் கரையில் ஏற்றிய மீன் விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறங்க வேண்டும். இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பாதை. தாமதித்தால் விலை விழும். விழுந்த விலைக்குச் சாரதியின் கூலியில் கை வைப்போரை எனக்குத் தெரியும். ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்: “என்ட லொறி போனா ரெண்டு மணிக்கெல்லாம் அங்க நிக்கும்.” இரண்டாவது சாரதியை அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். ஐஸை இன்னும் கொஞ்சம் போட்டு, ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்றி, மாற்றி ஓட்ட இன்னொருவரை வைப்பதைவிடச் சிலிண்டர் மலிவு என்று கணக்குப் பார்க்கும் மனிதர் அவர்.

சிலிண்டர் இன்னும் நம் கராஜ்களுக்கு வராத சாமான் என்று சிலர் சொல்லக்கூடும். அதன் தம்பி வந்து வருடக்கணக்காகிறது. பம்பை ஏற்றிவிடுதல் என்கிறார்கள்; காற்றின் அளவு மாறாமல் டீசலை மட்டும் கூட்டிவிடும் வித்தை. எரியாத காபன் கரும்புகையாக வெளியேறுகிறது. 2008 முதல் இந்நாட்டில் படிப்படியாக அறிமுகமான வாகனப் புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் பம்பைக் குறைப்பதும், சான்றிதழ் கையில் வந்ததும் மீண்டும் ஏற்றுவதும் எல்லோரும் அறிந்த இரகசியம். நைட்ரஸ் அடித்தால் அந்தப் புகை குறையும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தை மறைக்க இன்னொரு செலவு எதற்கு? பம்பைப் பழைய இடத்துக்குத் திருப்பி, நொசிலையும் காற்று வடியையும் சுத்தம் செய்தால் போதும். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானது. நாள்கணக்கில் வரிசையில் கிடந்து, வரிசையிலேயே மனிதர்கள் மாண்டதைப் பார்த்த நாட்டில், அதே டீசலைப் புகையாக ஊதுவது ஆண்மையாம்.

இடைக்குறிப்பாக ஒன்று. இதே வாயு நமது சம்மாந்துறை வட்டைகளிலிருந்தும் எழுகிறது. வயலுக்கு வீசும் யூரியாவில் ஒரு பங்கு இப்படித்தான் வானேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டுவது. நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்கும் இலக்கோடு 2019 ஒக்டோபரில் கொழும்புப் பிரகடனம் வெளியானது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, நவம்பரில் கைவிட்டார்கள். நட்டத்தைச் சுமந்தது விவசாயி. அவன் பசளைக்கு ஏங்கிய மண்ணில், அந்த வாயுவையே காசு கொடுத்து வாங்கி ஊத வேண்டுமா?

என் தொழிலையும் விட்டுவைக்கக்கூடாது. ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த லொறி’ என்ற வரியை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. பிரேதப் பரிசோதனை, மேலதிக விசாரணை, முற்றுப்புள்ளி. அந்த வேகத்தை யார் கேட்டார், எத்தனை மணிக்கு ஏற்றினார், சாரதி கடைசியாக எப்போது உறங்கினான் என்று ஒருபோதும் விசாரித்து எழுதியதில்லை. ஆசிரியர் பீடத்திலும் எவரும் கேட்கவில்லை. லொறிதான் வேகத்தை இழந்ததுபோல எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தின் பின் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிரேக் லைனரும் முன் டயர் இரண்டும் மாற்ற என்ன செலவாகும் என்று விசாரித்தேன். பாதியை நான் தருவதாகவும் சொன்னேன். “முதலாளிட்ட கேட்டுச் சொல்றன் மாமா” என்றான். இன்னும் சொல்லவில்லை. சிலிண்டர் ஆசை போய்விட்டதாம், பம்பை மட்டும் போன கிழமை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறானாம். அவனுடைய தாயார்தான் சொன்னார்.